தாத்தாவின் மருந்தை எழுதலாமா?

கேள்வி: மேடம், நான் எம்.எஸ்சி. தாவரவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். என் அம்மா பாபநாசம் மலைமேல் உள்ள ஒரு காணிப் பழங்குடிக் குடியிருப்பில் பிறந்தவர். அம்மாவின் அப்பா, அதாவது என் தாத்தா, அங்கே பிலாத்தி, அதாவது குடியின் வைத்தியர். மருந்தும் கொடுப்பார், கொக்கரை என்ற இரும்புக் கருவியைத் தேய்த்துச் சாற்றுப் பாட்டும் பாடுவார். எழுபதைத் தாண்டிவிட்டார். எனக்குத் தெரிந்து அறுபது செடிகளுக்கு மேல் பயன்படுத்துகிறார். அதையே என் ஆய்வுக்கு எடுத்திருக்கிறேன். தாத்தா "நீ எழுதிக்கோம்மா" என்கிறார். மாமாவுக்குத்தான் கோபம். "வெளியே சொன்னால் மருந்து பலிக்காது, நாளைக்கு எவனாவது பாட்டிலில் அடைத்து விற்பான்" என்கிறார். கைடு சாரோ, "ஆய்விதழில் போட்டுவிட்டால் யாரும் காப்புரிமை வாங்க முடியாது, அதுதான் பாதுகாப்பு" என்கிறார். இதற்கு நடுவில் ஒரு மூலிகை நிறுவனத்துக்காரர் வந்து, மூட்டுவலித் தைலத்தின் செய்முறைக்கு 25,000 ரூபாய் தருகிறேன், தாத்தா ஒரு தாளில் கையெழுத்துப் போட்டால் போதும் என்கிறார். தாளின் நகலை இணைத்திருக்கிறேன். நான் எழுதலாமா, கூடாதா?
பெயர் வெளியிட விரும்பாத மாணவி, அம்பாசமுத்திரம் வட்டம்

பதில்:

அன்புள்ள மாணவிக்கு,

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்தத் தாளில் தாத்தா கையெழுத்துப் போட வேண்டாம். வந்தவர் நல்ல மனிதராகவே இருக்கலாம், அது வேறு விஷயம். நீங்கள் அனுப்பிய நகலின் மூன்றாவது பத்தியில், "மேற்படி செய்முறை தொடர்பான சகல உரிமைகளையும் நிரந்தரமாக ஒப்படைக்கிறேன்" என்று ஒரு வரி இருக்கிறது. 25,000 ரூபாய் அந்த வரிக்குத்தான் விலை. செய்முறையைக் கேட்டுத் தெரிந்துகொள்வதற்குக் கூலி என்று அவர் வாயால் சொல்லியிருப்பார். தாளில் இருப்பது அதுவல்ல. நாளைக்கு உங்கள் மாமா அதே தைலத்தைக் காய்ச்சி அக்கம்பக்கத்தில் கொடுத்தால், அதைக் கேள்வி கேட்க இன்னொருவருக்கு இடம் கொடுத்த மாதிரி ஆகிவிடும். இந்தத் தாளைப் பற்றிக் கடைசியில் மறுபடியும் பேசுகிறேன்.

இனி உங்கள் கேள்விக்கு வருவோம். எழுதுங்கள், கட்டாயம் எழுதுங்கள். ஆனால் எழுதி வைப்பது வேறு, வெளியிடுவது வேறு. உங்கள் கைடும் மாமாவும் இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொண்டு எதிரெதிராகப் பேசுகிறார்கள். தாத்தாவுக்குத் தெரிந்தது முழுவதும் ஒரு நோட்டில் ஏறலாம். அந்த நோட்டு குடும்பத்தோடும் குடியோடும் இருக்கட்டும். ஆய்வேட்டில் ஏறுவது அதில் ஒரு பகுதிதான். எந்தப் பகுதி என்று நீங்களும் கைடும் மட்டும் முடிவு செய்யக் கூடாது.

கைடு சொல்வதில் பாதி சரி. புண்ணை ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்துவதற்கு 1995ல் அமெரிக்காவில் காப்புரிமை கொடுத்தார்கள். அடிபட்ட இடத்தில் மஞ்சள் பற்றுப் போடாத வீடு நம் ஊரில் உண்டா? ஆனால் காப்புரிமை அலுவலகத்தில் பாட்டியின் சாட்சி எடுபடாது, அச்சில் இருக்க வேண்டும். மத்திய அரசின் அறிவியல் ஆய்வு அமைப்பான சி.எஸ்.ஐ.ஆர். பழைய நூல்களையும், 1953ல் ஓர் இந்திய மருத்துவ இதழில் வந்த கட்டுரையையும் எடுத்துக் காட்டி வாதாடியது. 1997ல் அந்தக் காப்புரிமை ரத்தானது. வேப்பெண்ணெயைப் பூஞ்சைக்கொல்லியாகப் பயன்படுத்தும் முறைக்கு ஐரோப்பாவில் வாங்கிய காப்புரிமையும் இப்படித்தான் 2000ல் ரத்தாகி, மேல்முறையீடு எல்லாம் முடிய 2005 ஆனது. இந்த அலைச்சலுக்குப் பிறகுதான் ஆயுர்வேத, யுனானி, சித்த நூல்களில் உள்ள மருந்துகளை உலக மொழிகளில் தொகுத்து, வெளிநாட்டுக் காப்புரிமை அலுவலகங்கள் தேடிப் பார்க்கும்படி ஓர் எண்ணிம நூலகத்தை நம் அரசு உண்டாக்கியது. அதில் இருப்பதெல்லாம் ஏட்டில் இருந்தவை. உங்கள் தாத்தா தலையில் இருப்பது அதில் கிடையாது. ஆகவே அச்சில் ஏறினால் பிறர் காப்புரிமை வாங்குவது கடினமாகும் என்று அவர் சொல்வது நியாயம்தான்.

மீதிப் பாதியை அவர் சொல்லவில்லை. காப்புரிமை வாங்காமலே ஒரு மருந்தைத் தயாரித்து விற்கலாம். செடி, பாகம், அளவு, எதோடு சேர்ப்பது, எவ்வளவு நேரம் காய்ச்சுவது எல்லாம் ஆய்விதழில் வந்துவிட்டால், வாசலுக்கு வந்து 25,000 ரூபாய் தர வேண்டிய அவசியம்கூட யாருக்கும் இருக்காது. நித்தியகல்யாணியை எடுத்துக்கொள்ளுங்கள். மடகாஸ்கரிலிருந்து உலகெங்கும் பரவிய செடி. பல நாடுகளில் சர்க்கரை நோய்க்கு நாட்டு மருந்தாகக் குடித்துவந்தார்கள். அந்தப் பேச்சைக் கேட்டுத்தான் 1950களில் அதைச் சோதித்தார்கள். சர்க்கரை குறையவில்லை, வெள்ளை அணுக்கள் குறைந்தன. அப்படிக் கிடைத்தவைதான் ரத்தப் புற்றுநோய்க்கும் நிணநீர்ப் புற்றுநோய்க்கும் இன்றும் கொடுக்கும் வின்கிரிஸ்டின், வின்பிளாஸ்டின். எத்தனையோ குழந்தைகள் பிழைத்தார்கள், அதில் யாருக்கும் வருத்தம் இல்லை. ஆனால் மருந்து விற்ற லாபத்தில் செடியின் தாய்நாட்டுக்கும் சரி, கஷாயம் குடித்துவந்த மக்களுக்கும் சரி, பங்கு என்று எதுவும் போகவில்லை.

மாமா சொல்வதையும் மூடநம்பிக்கை என்று தள்ளிவிடாதீர்கள். சொன்னால் பலிக்காது என்பது பல ஊர் வைத்தியர்களிடம் உள்ள கட்டுப்பாடு. அந்தக் கட்டுப்பாடு என்ன வேலை செய்கிறது என்று பாருங்கள். கை பழகிய ஒருவர் மட்டுமே மருந்தைத் தொடுகிறார். அளவு தப்புவதில்லை. செடி இருக்கும் இடம் நாலு பேருக்குத் தெரியாததால் வேரோடு பிடுங்கப்படுவதில்லை. வேதியியலுக்கு அந்த நம்பிக்கை ஒத்துவராது, காட்டுக்கு ஒத்துவரும். அதன் கெடுதலும் எல்லோருக்கும் தெரிந்ததுதான். சீடன் இல்லாமல் பிலாத்தி போய்ச் சேர்ந்தால் எல்லாம் அவரோடு போய்விடும். அதனால்தான் நோட்டு வேண்டும் என்கிறேன். அந்த நோட்டை மாமாவின் கையிலேயே கொடுத்துவைக்கலாம் என்று சொல்லிப் பாருங்கள், கோபம் பாதி இறங்கிவிடும்.

நீங்கள் காணி வீட்டுப் பெண் என்பதால் ஆரோக்கியப்பச்சை என்ற செடியின் கதையை உங்களுக்குக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பாடத்தில் ஒரு பத்தியாகப் படித்திருப்பீர்கள். பெரும்பாலும் வெற்றிக் கதையாகத்தான் சொல்லித்தருகிறார்கள்.

உங்கள் மலைக்கு மறுபக்கம், திருவனந்தபுரம் மாவட்டத்து அகத்தியர் மலைக் காடுகளில், 1987 டிசம்பரில் ஒரு தாவர ஆய்வுக் குழு ஏறியது. குழுவின் தலைவர் புஷ்பாங்கதன். வழிகாட்டிகளாகப் போனவர்களில் குட்டிமாத்தன் காணியும் மல்லன் காணியும் இருந்தார்கள். ஆய்வாளர்கள் மூச்சு வாங்கி உட்கார, இவர்கள் மட்டும் ஏதோ ஒரு காயை வாயில் போட்டு மென்றுகொண்டு களைக்காமல் நடந்தார்கள். கேட்டவர்களுக்கும் தின்னக் கொடுத்தார்கள், தின்றவர்களுக்குத் தெம்பு வந்தது. எந்தச் செடி என்று முதலில் சொல்ல மறுத்தார்கள். வெளியாருக்குச் சொல்லக் கூடாதது என்றார்கள். மிகவும் வற்புறுத்திய பிறகுதான் காட்டினார்கள். அதுதான் ஆரோக்கியப்பச்சை. டிரைகோபஸ் ஜெய்லானிகஸ் என்று உங்களுக்குத் தாவரவியல் பெயர் தெரியும்.

பாலோட்டில் உள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா ஆய்வு நிறுவனத்தில் அதை வைத்து ஆண்டுக்கணக்கில் வேலை நடந்தது. காணிகள் தின்றது காயை. ஆய்வகம் மருந்தாக்கியது இலையை. அதனுடன் அமுக்கரா, திப்பிலி, விஷ்ணுகிராந்தி சேர்த்து ஜீவனி என்ற பொடி உருவானது. 1995ல் கோயம்புத்தூரில் உள்ள ஆரிய வைத்திய பார்மசிக்கு ஏழு ஆண்டுக்குத் தயாரிப்பு உரிமம் கொடுத்தார்கள். உரிமக் கட்டணம் 10 லட்சம் ரூபாய், விற்பனையில் 2 சதவீதம் உரிமத்தொகை. இரண்டிலும் சரிபாதி காணிகளுக்கு என்று நிறுவனமே முடிவு செய்தது. அப்போது நம் நாட்டில் அப்படிக் கொடுக்கச் சொல்லி எந்தச் சட்டமும் இல்லை. பல்லுயிர்ச் சட்டமே 2002ல்தான் வந்தது. அந்த வகையில் அது பெரிய காரியம்தான், குறைத்துப் பேச மாட்டேன்.

ஆனால் பணத்தை யாரிடம் கொடுப்பது? காட்டுக்குள் சிதறிக் கிடக்கும் குடிகள், ஒவ்வொன்றுக்கும் தலைவராக ஒரு மூட்டுக்காணி. எல்லோருக்கும் பொதுவாகக் கையெழுத்துப் போட ஓர் அமைப்பும் இல்லை. 1997ல்தான் ஓர் அறக்கட்டளை பதிவானது. 1999ல்தான் முதல் பணம், 5 லட்சத்துக்குச் சற்று மேல், அதன் கணக்கில் ஏறியது. இரண்டு மூன்று வழிகாட்டிகள் சொன்னதற்கு எங்களைக் கேட்டீர்களா என்று வேறு குடிகளில் கேள்வி எழுந்தது. பிலாத்திகளில் சிலர், இந்த அறிவு வெளியே போனதே தப்பு என்றார்கள். அறக்கட்டளையின் பெயரிலேயே கேரளம் என்று இருக்கிறது. மலைக்கு இந்தப் பக்கம் அதே செடியை அறிந்த உங்கள் தாத்தாவின் ஆட்கள் கணக்கிலேயே வரவில்லை. காடு மாநில எல்லை பார்த்து வளர்வதில்லை, பத்திரங்கள் எல்லை பார்த்துத்தான் எழுதப்படுகின்றன.

அடுத்த சிக்கல் இலை. காணிக் குடும்பங்கள் செடியைப் பயிரிட்டு இலையை விற்றுக் காசு பார்க்கலாம் என்று திட்டமிட்டார்கள். காட்டுக்கு வெளியே நட்டால் வீரியம் குறைகிறது என்று ஆய்வாளர்கள் சொன்னார்கள், காட்டுக்குள் எடுக்க வனத்துறை விடவில்லை. பெயர் பரவியதும் வெளியாட்கள் வந்து செடியைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். போதாததற்கு ஜீவனி என்ற பெயரையே அமெரிக்காவில் ஒரு நிறுவனம் தன் வணிகக்குறியாக்கப் பார்த்தது. நல்ல எண்ணத்தோடு, பாதி பங்கும் கொடுத்து நடந்த காரியத்துக்கே இவ்வளவு சிக்கல். அத்தனைக்கும் காரணம், குடிகள் கூடிப் பேச வேண்டியதைச் செடி வெளியே போன பிறகு பேசியதுதான். நீங்கள் முன்னாலேயே பேசிவிடலாம்.

எப்படிப் பேசுவது? தாத்தா சரி என்றது போதாது. அவருக்கு அது அவருடைய ஆசானிடமிருந்து வந்தது, அதே மருந்தைப் பக்கத்துக் குடிப் பிலாத்தியும் அறிந்திருப்பார். மூட்டுக்காணியிடம் சொல்லி, ஒரு சாயங்காலம் குடியில் எல்லோரும் இருக்கும்போது உட்காருங்கள். பெண்கள் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். பிரசவம், குழந்தை நோய் இதற்கெல்லாம் உள்ள மருந்து பெரும்பாலும் பாட்டிமார் கையில்தான் இருக்கும், ஆய்வேடுகளில் அவர்கள் பெயர் வருவதே இல்லை. என்ன படிக்கிறீர்கள், எழுதியது யார் கைக்குப் போகும், இணையத்தில் ஏறினால் திரும்ப எடுக்க முடியாது என்பதையெல்லாம் அவர்கள் பேச்சிலேயே சொல்லுங்கள். உங்களுக்கு அம்மா வழியில் அந்தப் பேச்சு வரும், பல ஆய்வாளர்களுக்கு அது வாய்ப்பதில்லை. ஒவ்வொரு செடியாகச் சொல்லி, இது போகலாமா, இது வேண்டாமா என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் காரணம் கேட்காதீர்கள். அன்று சரி என்றவர்கள் ஆறு மாதம் கழித்து மனம் மாறினால் அதையும் ஏற்க வேண்டும். ஆகவே ஆய்வேட்டை ஒப்படைக்கும் முன் ஒருமுறை படித்துக் காட்டுங்கள். சர்வதேச இனஉயிரியல் சங்கம் 2006ல் ஏற்ற நெறிமுறைகளும் கிட்டத்தட்ட இதைத்தான் சொல்கின்றன. கைடு தயங்கினால் அதைக் காட்டலாம்.

எதை வெளியிடலாம் என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். வேங்கை மரக் குவளையில் இரவு தண்ணீர் ஊற்றி வைத்துக் காலையில் குடிப்பது சர்க்கரைக்கு நல்லது என்று எத்தனையோ ஊர்களில் சொல்கிறார்கள். குவளையைக் கைவினைக் கடைகளில் விற்கிறார்கள். காலையில் அந்தத் தண்ணீர் தேநீர் நிறத்தில் இருக்கும், வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் ஓரத்தில் நீலம் மினுங்கும். இதை எழுதினால் யாருக்கும் நஷ்டமில்லை, ஏற்கெனவே ஊரறிந்தது. நொச்சி, முடக்கத்தான் எல்லாம் இந்த வகைதான். ஆனால் உங்கள் தாத்தாவின் தைலத்தில் நொச்சியோடு எது சேர்கிறது, எந்தப் பருவத்தில் பறிக்கிறார், எந்தப் பதத்தில் இறக்குகிறார் என்பது எந்த நூலிலும் இருக்காது. அது நோட்டுக்கு, ஆய்வேட்டுக்கு அல்ல. மூட்டுவலிக்கு வெளிப்பூச்சாக ஒரு தைலம் பயன்படுகிறது என்று ஒரு வரியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அப்படியென்றால் ஆய்வேட்டில் என்னதான் இருக்கும் என்று கைடு கேட்பார். நிறைய இருக்கும். நம் பல்கலைக்கழகங்களில் இந்தத் துறையில் வரும் ஆய்வேடுகளில் முக்கால்வாசி ஒரே அட்டவணை: தாவரவியல் பெயர், குடும்பம், வட்டாரப் பெயர், பாகம், பயன். பயன் என்ற இடத்தில் "காய்ச்சல்" என்று ஒற்றைச் சொல். என்ன காய்ச்சல்? குளிரோடு விட்டுவிட்டு வருவதா, குழந்தைக்குப் பல் முளைக்கும்போது வருவதா? பிலாத்தி இவற்றை ஒன்றென்று நினைப்பதில்லை, அவரவர்க்கு வேறு வேறு செடி கொடுப்பார். நாம்தான் எல்லாவற்றையும் ஒரு சொல்லில் போட்டு மூடுகிறோம். விஞ்ஞானத்துக்கும் அந்த அட்டவணையால் லாபமில்லை, குடிக்கும் இல்லை. அட்டவணை முடிந்ததும் நாலு சூத்திரம் போட்டுச் சதவீதம் கணக்கிடுவது இன்னும் வேடிக்கை.

வீட்டில் உட்கார்ந்து கேட்காமல் தாத்தாவோடு நடங்கள். பட்டை எடுக்கும்போது கையைக் கவனியுங்கள். தெரிந்தவர்கள் மரத்தைச் சுற்றி வளையமாக உரிக்க மாட்டார்கள். ஒரு பக்கத்தில் மேலிருந்து கீழாக ஒரு கீற்று, அவ்வளவுதான். காயத்தின் மேல் மண்ணோ சாணியோ அப்புவாரா என்று பாருங்கள். அடுத்த முறை அதே மரத்துக்கு எத்தனை மழை கழித்து வருவார், எந்தத் திசைப் பட்டை, ஏன்? இலையில் தயாராகும் உணவு உள்பட்டை வழியாகத்தான் வேருக்கு இறங்குகிறது என்று நீங்கள் படித்திருக்கிறீர்கள். சுற்றி உரித்தால் அந்தப் பாதை முழுதும் அறுந்து மரம் பட்டுப்போகும். பாடம் படிக்காத மனிதர் அதை எப்படிக் கையாள்கிறார் என்பதே ஒரு நல்ல அத்தியாயம். கிழங்கைத் தோண்டினால் எதை மண்ணில் விட்டுவைக்கிறார், எந்த மாதம் எதைத் தொடமாட்டார், எந்தச் செடி முன்பு எங்கே இருந்தது, இப்போது ஏன் இல்லை என்று கேளுங்கள். களக்காடு முண்டந்துறை போன்ற ஒரு காப்பகத்தில் இந்தத் தகவலுக்கு உள்ள மதிப்பு, இன்னொரு மருந்துப் பட்டியலுக்குக் கிடையாது. மருந்தின் ரகசியமும் வெளியே போகாது. அரிய செடிகளுக்கு மட்டும் ஜி.பி.எஸ். எண்ணைப் போடாதீர்கள், வட்டத்தின் பெயர் போதும்.

மாதிரி சேகரிக்க வனத்துறையின் எழுத்து அனுமதி வேண்டும். அது புலிகள் காப்பகம், தாத்தா வீடு அங்கே இருக்கிறது என்பது உங்களுக்கு அனுமதி ஆகாது. கல்லூரி வழியாகச் சீக்கிரமே விண்ணப்பியுங்கள், நாளாகும்.

பெயர் சரிபார்ப்பதில் மட்டும் அலட்சியம் வேண்டவே வேண்டாம். பூவோ காயோ இல்லாத கொப்பை வைத்துக்கொண்டு இன்னது என்று எழுதாதீர்கள். ஒரு கொப்பை நாளிதழுக்கு நடுவே விரித்து, ஓர் இலையையாவது புரட்டி அடிப்பக்கம் தெரியும்படி வைத்து அழுத்துங்கள். மழைக்காலமென்றால் தாளைத் தினமும் மாற்றுங்கள், இல்லாவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும். எண், தேதி, தாத்தா சொன்ன பெயர் மூன்றும் அதே இடத்திலேயே எழுதப்பட வேண்டும், வீட்டுக்கு வந்து நினைவிலிருந்து எழுதக் கூடாது. பாளையங்கோட்டையிலோ கோயம்புத்தூர் தாவர மதிப்பாய்வு மையத்திலோ உள்ள உலர்தாவரத் தொகுப்போடு ஒப்பிட்டு, ஒரு பிரதியை அங்கே சேர்த்துவிடுங்கள். ஆய்வேட்டில் ஒவ்வொரு செடிக்கும் அந்த எண் இருக்க வேண்டும். எண் இல்லாத பெயரை நான் நம்புவதில்லை.

ஏன் இவ்வளவு கெடுபிடி? 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் மெலியும் சிகிச்சைக்குப் போன பெண்கள் நூற்றுக்கு மேற்பட்டோர் சிறுநீரகம் கெட்டு மருத்துவமனைக்கு வந்தார்கள். கொடுத்த மூலிகை மாத்திரையில் சேர்க்க நினைத்தது ஒரு சீனச் செடி, சேர்ந்தது இன்னொன்று. சீன வழக்கில் இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒரே பெயர். சேர்ந்த செடி அரிஸ்டலோக்கியா பேரினம். பலருக்குப் பிறகு சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வந்தது. அந்தப் பேரினத்தில் உள்ள அரிஸ்டலோக்கிக் அமிலம் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை ஐயத்துக்கு இடமின்றி வகைப்படுத்தியிருக்கிறது.

நம் ஈஸ்வரமூலியும் ஆடுதீண்டாப்பாளையும் அதே பேரினம்தான். நீங்கள் அனுப்பிய பட்டியலில் ஈஸ்வரமூலி பதினான்காவதாக இருக்கிறது, விஷக்கடிக்கு உள்ளே கொடுப்பது என்று போட்டிருக்கிறீர்கள். மலைக்குடிகள் பலரிடமும் உள்ள வழக்கம்தான் அது, மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அளவோ முறையோ ஒரு சொல்கூட வெளிவரக் கூடாது, நச்சுத்தன்மை பற்றிய குறிப்பு பக்கத்திலேயே இருக்க வேண்டும். தாத்தாவிடமும் பக்குவமாகப் பேசுங்கள். திரும்பத் திரும்பக் குடித்தால் சிறுநீரகத்தைத் தாக்கும் என்பது உடனே கண்ணுக்குத் தெரியாத கெடுதல். ஆண்டுக்கணக்கில் கழித்து வருவதால் எந்த வைத்தியராலும் அனுபவத்தில் கண்டுபிடித்திருக்க முடியாது. அவருடைய திறமைக்குக் குறைவு சொல்வதாக அவர் நினைத்துவிடக் கூடாது. பாம்பு கடித்தால் நேராக அரசு மருத்துவமனை, விஷமுறிவு ஊசி, அதில் பேச்சே இல்லை. அந்த ஊசிக்கு வேண்டிய நஞ்சைப் பாம்பிலிருந்து எடுத்துத் தருவதும் 1978ல் தொடங்கிய இருளர் கூட்டுறவுச் சங்கம்தான். பழங்குடியின் கைத்திறனுக்கு அவர்களே சங்கம் வைத்து விலை பேசும் ஏற்பாடு அது. உங்கள் குடிக்கு ஒருநாள் உதவலாம், தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

பெயர் போடுவது பற்றி ஒரு வார்த்தை. "தகவலாளி 7, ஆண், 72" என்று எழுதும் வழக்கத்தை எனக்குப் பிடிப்பதில்லை. பதினேழாம் நூற்றாண்டில் கொச்சியில் டச்சுக்காரர்கள் மலபார்ச் செடிகளைப் பற்றி 12 தொகுதிகள் தயாரித்தபோது, உதவிய இட்டி அச்சுதன் என்ற வைத்தியரின் பெயரையும், 1675ல் அவர் எழுதிக்கொடுத்த வாக்குமூலத்தையும் அச்சிட்டார்கள். காலனிக்காரர்களுக்கு இருந்த அந்த மரியாதை நமக்கு இல்லாமல் போனது வெட்கம். தாத்தா விரும்பினால் பெயரைப் போடுங்கள், கட்டுரையாக வந்தால் இணை ஆசிரியராகவே போடுங்கள். விரும்பாவிட்டால் விட்டுவிடுங்கள், பெயர் வெளியானால் நிறுவனத்துக்காரர்கள் வாசலில் நிற்பார்கள் என்ற பயமும் நியாயம்தான். கல்லாறு லட்சுமிக்குட்டியம்மாவுக்கு 2018ல் பத்மஸ்ரீ கிடைத்த பிறகு காணி வைத்தியம் என்றாலே எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள்.

சரி, மறுபடியும் அந்தத் தாள். சட்டம் உங்கள் பக்கம் ஓரளவு இருக்கிறது. 2006ல் வந்த வன உரிமைச் சட்டம், பல்லுயிர் சார்ந்த மரபறிவின் மீது வனவாசிச் சமூகத்துக்கு அறிவுச்சொத்துரிமை உண்டு என்று சொல்கிறது. சமூகத்துக்கு என்பதைக் கவனியுங்கள், தாத்தா ஒருவர் விற்க நினைத்தாலும் அது அவர் ஒருவருடையது மட்டும் இல்லை. பல்லுயிர்ச் சட்டப்படி உங்கள் தாத்தா போன்ற உள்ளூர் வைத்தியர்கள் செடியைப் பயன்படுத்த யாரிடமும் கேட்க வேண்டாம். வணிகத்துக்காக எடுக்கும் நிறுவனம் முன்கூட்டியே மாநிலப் பல்லுயிர் வாரியத்திடம் தெரிவிக்க வேண்டும், பலனையும் பகிர வேண்டும். காப்புரிமைக்குப் போனால் சென்னையில் உள்ள தேசியப் பல்லுயிர் ஆணையத்தைத் தாண்டிப் போக முடியாது.

இதில் ஓர் ஓட்டை உண்டு. 2023ல் அந்தச் சட்டத்தைத் திருத்தியபோது, நூல்களில் தொகுக்கப்பட்ட மரபறிவைப் பயன்படுத்துவோருக்கு இந்தக் கடமையிலிருந்து விலக்கு கொடுத்துவிட்டார்கள். ஆகவே நாளைக்கு அவர்கள், "நொச்சித் தைலம்தானே, சித்த மருத்துவ நூலிலேயே இருக்கிறது" என்று சொல்லலாம். இது நூலில் இல்லாத, எங்கள் குடியில் வாய்வழியாக வந்த முறை என்று காட்ட உங்களிடம் தேதியிட்ட சான்று வேண்டும். அதற்கு உங்கள் ஊராட்சியின் பல்லுயிர் மேலாண்மைக் குழு வைத்திருக்க வேண்டிய மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு உதவும். இந்தக் குடியில் இப்படி ஒரு தைலம் வழக்கத்தில் இருக்கிறது என்ற பதிவு இருந்தால் போதும், செய்முறையை அங்கே எழுதக் கூடாது. பல ஊராட்சிகளில் அந்தப் பதிவேடு பெயருக்கு நிரப்பி அலமாரியில் கிடக்கும். போய் எடுத்துப் பாருங்கள், உங்கள் குடியைப் பற்றி என்ன எழுதியிருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளவாவது பார்க்க வேண்டும்.

நிறுவனத்துக்காரர் மறுபடி வந்தால் சண்டை போட வேண்டாம். குடிக் கூட்டத்துக்கு எழுத்தில் கொடுங்கள், பல்லுயிர் வாரியத்தில் தெரிவித்த கடிதத்தின் நகலைக் கொண்டுவாருங்கள், ஆண்டுதோறும் விற்பனையில் பங்கு எவ்வளவு என்று போடுங்கள், நிரந்தரம் என்ற வரியை எடுங்கள் என்று மாமாவைச் சொல்லச் சொல்லுங்கள். உண்மையான வியாபாரி என்றால் இதற்கெல்லாம் ஆள் அனுப்புவார். அதுவரை தைலம் காய்ச்சும்போது செல்போனில் வீடியோ எடுக்க யாரையும் விட வேண்டாம், கூடப் படிக்கும் தோழிகள் உட்பட.